இல்லமும் கருவியும்: திரையிற் கண்டதைப் பிடித்து வைத்தல்

இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் மூன்று, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தும் ஒரே பொருளைப் பற்றியவையாக அமைந்துள்ளன. ஒன்று, பாறசாலையை அடுத்த சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. மற்றொன்று, பாலராமபுரத்தில் கைத்தறித் துணி வாணிகம் செய்யும் அன்பர் ஒருவருடையது. மூன்றாவது, நெய்யாற்றின்கரையில் குடியிருந்து கொண்டு, எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டத்திலே பாட்டன் வழி வந்த நிலம் வைத்திருக்கும் அம்மையாருடையது. மடிக்கணினியின் திரையில் தோன்றுவதை உள்ளபடியே படமாக எடுத்து வைப்பது எவ்வாறு, எடுத்த படம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதே மூவருடைய கேள்வியுமாகும். இதனை ஆங்கில வழக்கில் ஸ்கிரீன்ஷாட் என்பர். தமிழில் திரைப்பிடிப்பு என்று எழுதி வருகின்றனர். திரைப்படப் பிடிப்பு என்று யாரேனும் வாசித்துச் சென்னைக்குப் புறப்பட்டுவிட வேண்டா என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சகோதரியின் கடிதத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். மூன்றனுள் அதுவே அவசரமானது. அவர் கணவர் வளைகுடா நாட்டில் பணி செய்கிறார். வீட்டில் மாமனாரும், பள்ளி செல்லும் இரு மக்களும், ஒரு மடிக்கணினியும் உண்டு. மகனுடன் முகம் பார்த்துப் பேசும் பொருட்டுப் பெரியவர் அக்கணினியைக் கையாளப் பழகியிருந்தார். ஒரு நாள் மருமகள் சந்தைக்குச் சென்றிருந்த வேளையில், அதே கணினியிற் காவற்றுறை உடையணிந்த ஒருவன் தோன்றி, உம் பெயரில் வந்த பொதியிற் போதைப்பொருள் அகப்பட்டது, நீர் இப்போது காவலில் இருக்கிறீர், திரையை விட்டு எழுந்திருக்கலாகாது, எவரிடமும் பேசலாகாது என்று அச்சுறுத்தியிருக்கிறான். மருமகள் திரும்பி வந்தபோது பெரியவர் நாற்காலியில் விறைத்து அமர்ந்திருந்தார். அதற்குள் மார்த்தாண்டத்து வங்கிக் கணக்கிலிருந்த சேமிப்பில் ஒரு பகுதி போய்விட்டது. சகோதரி பதறாமல் தம் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். ஆனால் அப்படத்தில் விழுந்தது குழல்விளக்கின் ஒளியும், குறுக்கே ஓடும் பட்டைகளும், அந்த மனிதனின் ஒரு தோளும் மட்டுமே. பணம் அனுப்பச் சொல்லி அவன் எழுதிக் காட்டிய கணக்கு எண் படிக்க முடியாதபடி மங்கிவிட்டது. அடுத்த கணம் அழைப்பும் அறுந்தது. "கணினியிலேயே படம் எடுக்கும் வழி எனக்குத் தெரியாமற் போயிற்றே" என்று எழுதியிருக்கிறார்.

இந்த வஞ்சகத்துக்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர். அவ்வாறு ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. திரை வழியே எவரையும் காவலில் வைக்க எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரே இதைப் பற்றி விரிவாக எச்சரித்தார். அவ்வுரையில், இயலுமாயின் திரைப்பிடிப்பு எடுத்துக் கொள்ளுங்கள், பதிவு செய்து கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நல்ல சொல்தான். ஆனால் எந்த விசையை அழுத்துவது என்பதை வானொலியிற் சொல்ல முடியாதல்லவா? அதை இங்கே சொல்லுவோம்.

விசைப்பலகையின் மேல் வரிசையில், வலக்கோடியை ஒட்டி, 'பிரிண்ட் ஸ்கிரீன்' என்னும் விசை ஒன்று இருக்கும். இடமின்மையால் அதன் மேல் நான்கைந்து ஆங்கில எழுத்துக்களே பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயருக்குப் பொருள் 'திரையை அச்சிடு' என்பது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தங்கள் முதற் சிறு கணினியை வெளியிட்டபோது, ஷிப்ட் விசையோடு இதனை அழுத்தினால், திரையிலிருந்த எழுத்துக்கள் மெய்யாகவே அருகிலிருந்த அச்சுப்பொறிக்குச் சென்று தாளில் விழுந்தன. இன்று தாள் போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் வீடுகளில் மின்விளக்கை இன்றும் 'கொளுத்து' என்று சொல்லும் முதியோர் இருப்பது போல.

விண்டோஸ் முறையில் இயங்கும் மடிக்கணினியில், நான்கு கட்டங்கள் வரைந்த விண்டோஸ் விசையைப் பிடித்துக் கொண்டு பிரிண்ட் ஸ்கிரீன் விசையை ஒருமுறை தட்டுக. திரை ஒரு கணம் மங்கித் தெளியும். அவ்வளவே, முழுத்திரையும் படமாகிக் கணினியின் 'பிக்சர்ஸ்' என்னும் பெட்டிக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற உட்பெட்டியில் தானாகவே சேர்ந்துவிடும். அடுத்தடுத்துத் தட்டினால் அடுத்தடுத்த எண்ணிட்டுச் சேரும். சில மடிக்கணினிகளில் அந்த விசைக்கு இரண்டு வேலைகள் கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் இடக்கோடியிலுள்ள 'எஃப்என்' விசையையும் சேர்த்துப் பிடித்தல் வேண்டும். அவசர வேளையில் இதைத் தேடிக் கொண்டிருத்தல் ஆகாது. ஆகவே இவ்விதழைக் கையில் வைத்துக் கொண்டே இன்று மாலை உங்கள் கணினியில் ஒருமுறை செய்து பார்த்து, அகப்பட்ட விசைகளின் மேல் சிறு பொட்டு ஒட்டி வையுங்கள். பெரியவர்களுக்கு இந்தப் பொட்டே போதும்.

திரையின் ஒரு பகுதி மட்டும் வேண்டுமாயின், விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. திரை மங்கி, சுட்டி ஒரு சிலுவைக் குறியாக மாறும். வேண்டிய பகுதியை இழுத்துக் கட்டம் கட்டினால் அப்பகுதி மட்டும் பிடிபடும். இங்கே ஒரு பள்ளம் உண்டு. பழைய விண்டோஸ் 10 கணினிகளில் இவ்வாறு பிடித்த படம் பெட்டியில் சேருவதில்லை. அது 'கிளிப்போர்டு' எனப்படும் தற்காலிக நினைவிலேயே நிற்கும். கண்ட்ரோல் விசையோடு வி விசையை அழுத்தி ஒரு கடிதத்திலோ மின்னஞ்சலிலோ ஒட்டிச் சேமித்தால்தான் அது நிலைக்கும். இடையில் வேறொன்றைப் படியெடுத்தால் முன்னது மறைந்து போகும். இடவப்பாதி மழையில் மின்சாரம் நின்று, கணினியின் மின்கலமும் தீர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டா. விண்டோஸ் 11-இல் இக்குறை நீங்கி, படம் தானாகவே பெட்டியிற் சேருகிறது. அதன் புதிய பதிப்புகளில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையைத் தனியே தட்டினாலும் இந்தக் கட்டம் கட்டும் கருவியே திறக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழங்கிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஆயினும் நம் வீடுகளில் இன்னும் பல கணினிகள் அதனோடுதான் ஓடுகின்றன.

மேக் கணினி வைத்திருப்போர் சிலரே. அவர்கள் கமாண்ட், ஷிப்ட், 3 என்பவற்றை அழுத்தினால் முழுத்திரையும், 3-க்குப் பதில் 4 அழுத்தினால் கட்டிய பகுதியும் படமாகி முகப்புத் திரையில் வந்து நிற்கும்.

எல்லைப்புறத்துக் குடும்பங்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல், உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகள் இரண்டு அரசுகளின் பள்ளிகளிற் படிக்கிறார்கள். களியக்காவிளைக்குக் கிழக்கே படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டரசு 2011-இல் தொடங்கிய திட்டத்திற் கிடைத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்னும் இந்திய முறைமையும் இருந்தது. மேற்கே பாறசாலையிற் படிக்கும் பிள்ளையோ கேரளப் பள்ளிகளுக்கென்று கைட் நிறுவனம் அமைத்த லினக்ஸில் பழகியிருப்பான். ஆதலின் பெரியப்பா வீட்டுக்குப் பொங்கலுக்குச் சென்ற பிள்ளை அங்குள்ள கணினியில் விண்டோஸ் விசையைத் தேடித் திகைப்பதுண்டு. லினக்ஸிலும் அதே பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான். பழைய பதிப்புகளில் தட்டிய உடனே படம் 'பிக்சர்ஸ்' பெட்டியிற் சேரும். புதியவற்றில் ஒரு சிறு பலகை தோன்றி, முழுத்திரையா, பகுதியா என்று கேட்டுப் பின் எடுக்கும். இவ்விஷயத்தில் வீட்டிலுள்ள எட்டாம் வகுப்பு மாணவனே நம் அனைவருக்கும் ஆசிரியன். அவனைக் கூப்பிட்டுக் கேட்பதிற் பெரியவர்கள் நாணமுற வேண்டியதில்லை.

இனி, சகோதரியின் இரண்டாவது கேள்வி: இப்படிப்பட்ட படத்தைக் காவல் நிலையத்தார் ஏற்பரோ?

ஏற்பர். ஆனால் படத்தைவிடக் காலம் முக்கியம். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்குப் பேசுதல் வேண்டும். நாடு முழுதுக்கும் இஃது ஒரே எண். எல்லைக்கு இப்புறம் அப்புறம் என்ற பேதம் இதற்கில்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக் கொண்டிருக்கும்போதே அதைத் தடுத்து நிறுத்த முயல்வதற்காக ஏற்பட்டது இது. அதன் பின் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்னும் அரசு இணையதளத்தில் முறையீட்டைப் பதிவு செய்தல் வேண்டும். அங்கே கேட்கப்படுவன: எந்த வங்கி, எவ்வளவு தொகை, எந்த நாள், பரிமாற்ற எண் யாது என்பன. யூபிஐ வழியே சென்ற பணமாயின் அந்த எண் 12 இலக்கம் கொண்டது. ஆகவே திரைப்பிடிப்பு எடுக்கும்போது தொகையை மட்டும் எடுத்துவிட்டு இந்த எண்ணை விட்டுவிடுவது, முகவரி எழுதாமற் கடிதத்தைப் பெட்டியிற் போடுவதற்கு ஒப்பாகும்.

"எங்கள் வீடு கேரளத்தில், வங்கிக் கணக்கு தமிழ்நாட்டில்; இரண்டு நிலையங்களுக்கும் அலைய வைப்பார்களே" என்றும் அவர் அஞ்சுகிறார். 2024 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்ததாயினும் அதைப் பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பினால், மூன்று நாட்களுக்குள் நேரிற் சென்று கையொப்பமிட்டால் முறைப்படி பதிவாகும். பாறசாலை நிலையத்திற் கொடுத்த தகவலை, 'இது மார்த்தாண்டத்து வேலை' என்று திருப்பியனுப்பச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதைச் சகோதரி நினைவில் வைத்துப் பணிவாகவும் உறுதியாகவும் பேசலாம்.

காவல் நிலையத்தைத் தாண்டி வழக்கு மன்றத்துக்குச் செல்லும்போது மற்றொரு படி உண்டு. கேரளத்தைச் சேர்ந்த வழக்கு ஒன்றே இதற்கு வழி காட்டியது. 2011-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின் மேல் பி. வி. அன்வர் தொடர்ந்த வழக்கில், பிரசாரப் பாட்டுகளையும் அறிவிப்புகளையும் கணினியில் ஏற்றிக் குறுந்தகடுகளாக்கிச் சான்றாகக் கொடுத்திருந்தனர். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் படியைச் சான்றாகக் கொடுப்போர் சட்டம் கூறும் சான்றிதழையும் உடன் கொடுத்தல் வேண்டும், அஃதின்றி அவை ஏற்கப்படா என்று தீர்ப்பளித்தது. 2020-இல் மற்றொரு வழக்கிலும் அந்நிலையை உறுதி செய்தது. பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்திற்கு இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் வந்துள்ளது. அதன் 63-ஆம் பிரிவின்படி அச்சான்றிதழ் இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்றைக் கருவிக்குரியவர் நிரப்புதல் வேண்டும்; மற்றொன்றை நிபுணர் நிரப்புதல் வேண்டும். இரண்டிலும் 'ஹாஷ்' என்னும் எண் குறிக்கப்படும். ஒரு கோப்பிலுள்ள யாவற்றையும் கணக்கிட்டு வரும் நீண்ட எழுத்துக்கோவை அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை முழுதும் மாறிவிடும். மனிதனுக்கு விரற்பதிவு எப்படியோ கோப்புக்கு இஃது அப்படி.

இதிலிருந்து இல்லத்தார் அறிந்து கொள்ள வேண்டியது எளியது. எடுத்த படத்தைத் திருத்தாதீர்கள், சுருக்காதீர்கள், அம்புக்குறி போடாதீர்கள். அதன் படியொன்றை எடுத்து அதிற் போட்டுக் கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிற் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி வேறு கோப்பாக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் உள்ளபடியே செல்லும். முதற் கோப்பு கணினியிலேயே இருக்கட்டும். வழக்கு முடியுமுன் பழைய கணினியை விற்றுவிடவும் வேண்டா. சான்றுக்காக எடுக்கும்போது பகுதியாக வெட்டாமல் முழுத்திரையாகவே எடுங்கள். கீழ்க்கோடியில் நாளும் மணியும், மேலே இணைய முகவரியும் அதில் விழும்.

பக்கம் நீளமாயின் ஒரு பிடியில் அடங்காது. மேலும் கீழும் நகர்த்தித் துண்டு துண்டாக எடுப்போர் நடுவில் இரண்டு வரிகளை விட்டுவிடுவர். விட்டது பெரும்பாலும் வேண்டிய வரியாகவே இருக்கும். பயர்பாக்ஸ் உலாவியில், பக்கத்தின் மேல் வலப்பொத்தானைத் தட்டித் திரைப்பிடிப்பு என்பதைத் தெரிந்தெடுத்தால் முழுப்பக்கத்தையும் ஒரே படமாக எடுக்கலாம். எந்த உலாவியாயினும் கண்ட்ரோலோடு பி விசையை அழுத்தி, அச்சிடுவதற்குப் பதிலாகப் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கலாம்.

பாலராமபுரத்து அன்பர் கேட்பது இதற்கு நேர்மாறானது. அவருக்குப் படம் எடுக்கத் தெரியும். பிறர் எடுத்த படமே அவரைக் கெடுத்தது. பாலராமவர்ம மகாராஜா காலத்தில் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் தறியூன்றிய ஊர் அது. அக்கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கசவு வேட்டிகளும் புடவைகளுமாக ஒரு கட்டுத் துணியைத் தொலைபேசி வழியாகக் கேட்டவர், பணம் செலுத்தியதாகப் பச்சைக் குறியிட்ட திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பினாராம். அன்பர் அதை நம்பித் துணியைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பணம் வரவேயில்லை. "படத்தில் என் பெயர், தொகை, நேரம் எல்லாம் சரியாக இருந்தனவே" என்கிறார்.

இருந்திருக்கும். படத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பணம் செலுத்தியது போன்ற பொய்த்திரையை உண்டாக்குவதற்கென்றே செயலிகள் உலவுகின்றன. திரைப்பிடிப்பு என்பது திரையில் ஒன்று தோன்றியதற்கு அடையாளம். பணம் கைமாறியதற்கு அடையாளமன்று. தம் வங்கிக் கணக்கில் வரவு காணும் வரை துணி கடையை விட்டு இறங்கக் கூடாது. வங்கிக் குறுஞ்செய்தியும் பொய்யாக வரக்கூடும். ஆதலின் கணக்கைத் தாமே திறந்து பார்ப்பதே முறை. கூட்டம் மிகுந்த கடையில் வரவை ஒலித்துச் சொல்லும் பெட்டி உதவும். அன்பர் நடந்ததை 1930-க்குத் தெரிவித்தல் நன்று. அந்தப் பொய்ப்படமும், அதனை அனுப்பிய எண்ணும், துணி அனுப்பிய சீட்டும் இப்போது அவருக்குச் சான்றுகளாகும். இங்கே ஒரு வேடிக்கை: பொய்ப்படத்தைப் பிடித்து வைத்தால் அது மெய்யான சான்று!

படம் எடுப்பதில் உள்ள அபாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர் உதவி கேட்டுச் சங்கக் குழுக்களில் திரைப்பிடிப்புகளை அனுப்பும்போது, ஆதார் எண், கணக்கு எண், சில வேளைகளில் ஒருமுறைக் கடவெண்ணும்கூட அதில் இருக்கக் காண்கிறேன். இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் வீட்டுச் சாவியைத் தொங்கவிடுவது போன்றது இது. வெட்டி அனுப்பினால் போதுமே என்பர். போதும்தான், ஆனால் 2023 மார்ச்சில் ஒரு செய்தி வெளிவந்தது. விண்டோஸ் 11-இன் கட்டம் கட்டும் கருவியிலும், கூகிளின் பிக்சல் கைப்பேசிகளின் படம் திருத்தும் கருவியிலும், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தால், வெட்டியெறிந்த பகுதியின் தரவு கோப்பின் பிற்பகுதியில் அப்படியே தங்கியிருந்தது. திறமையுள்ளவர் அதைப் பெருமளவு மீட்டெடுக்க முடிந்தது. குறை பின்னர் நீக்கப்பட்டது. எனினும் அதற்கு முன் வெட்டி அனுப்பியவை எங்கெங்கோ கிடக்கின்றனவல்லவா? ஆகவே வெட்டியதைப் புதிய பெயரிற் சேமியுங்கள். எண்ணை மறைக்க நேர்ந்தால், அடியிலுள்ளது தெரியும்படியான வண்ணக் கோட்டால் தீட்டாமல், முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். ஆதாருக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்புப் படியை ஆதார் ஆணையத்தின் தளமே கொடுக்கிறது, அதையே பயன்படுத்தலாம்.

கணினி தானாகவே படம் எடுத்துக் கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கற்பனையன்று. 2024 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார், பயனர் செய்வதை நொடிகள் இடைவெளியில் படமெடுத்து வைத்து, பின்னர் தேடிக் காட்டும் 'ரீகால்' என்னும் வசதியை அறிவித்தனர். பெருங்கண்டனம் எழுந்தது. வெளியீடு தள்ளிப்போய், பயனர் விரும்பி இயக்கினாலன்றி ஓடாதபடி மாற்றப்பட்டு, 2025-இல் குறிப்பிட்ட வகைப் புதுக்கணினிகளுக்கு மட்டும் வந்தது. மறதியுள்ள எனக்கு அவ்வசதியின் மேல் சிறிது ஆசை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆயினும் பலர் கையாளும் வீட்டுக் கணினியில் அதை இயக்காதிருப்பதே நன்று என்பது என் கருத்து.

நெய்யாற்றின்கரை அம்மையாரின் கடிதத்துக்கு வருவோம். விளவங்கோட்டு நிலத்தின் பட்டாவைத் தமிழ்நாட்டரசின் இணையதளத்திற் கண்டு, திரைப்பிடிப்பு எடுத்து, அச்சிட்டுக் கேரளத்தில் ஒரு கடன் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறார். அது செல்லாது என்று திருப்பிவிட்டனர். மகளின் படிப்புக்கான கடன்; கல்லூரியில் பணம் கட்டக் குறித்த நாள் நெருங்குகிறது என்று கவலையோடு எழுதுகிறார்.

அம்மையீர், திருப்பியவர்கள் மேற் பிழையில்லை. அதே தளத்தில் பட்டாவைக் கோப்பாகவே இறக்கிக் கொள்ளும் வசதி உண்டு. அவ்வாறு இறக்கிய படியில் ஒரு சரிபார்ப்பு எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை அத்தளத்திலேயே இட்டு, படி மெய்யானதா என்று எவரும் எங்கிருந்தும் சோதித்துக் கொள்ளலாம். தமிழ் அறியாத கேரள அலுவலருக்கும் இஃது இயலும். திரைப்பிடிப்பிலோ பெரும்பாலும் அந்த எண் விழுவதே இல்லை. மகளின் மதிப்பெண் சான்று போன்றவற்றுக்கு டிஜிலாக்கர் உண்டு. அதில் வழங்கும் துறையே நேராக இட்ட சான்றுகள், 2016-ஆம் ஆண்டின் விதிகளும் பின் வந்த திருத்தமும் கூறுகிறபடி, மூலச் சான்றுகளுக்கு நிகராக மதிக்கப்படும். நாமே படமெடுத்து அதில் ஏற்றி வைத்தவற்றுக்கு அந்த மதிப்பில்லை. இவ்வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. நாளையே இறக்கிய கோப்பின் அச்சைக் கொண்டு போய்க் கொடுங்கள். சரிபார்ப்பு எண்ணுக்கு அடியிற் கோடிட்டுக் காட்டுங்கள்.

அவரே கேட்ட இன்னொன்று: கேரள அலுவலகத் தளங்களில் விண்ணப்பம் மலையாளத்தில் வருகிறது, பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது, என் செய்வது? இங்கேதான் திரைப்பிடிப்பு நம் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு மெய்யான துணை. அப்பக்கத்தைப் பிடித்து, மலையாளம் படித்த உறவினருக்கு அனுப்பி, அவர் தமிழிற் சொல்லக் கேட்டு நிரப்பலாம். பெயர், எண்கள் இடுவதற்கு முன், வெற்றுப் படிவமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் மறைக்க வேண்டியதும் இராது. கூகிள் லென்ஸ் போன்ற கருவியும் படத்திலுள்ள எழுத்தை வாசித்து மொழிபெயர்த்துத் தரும். ஆனால் நிலத்தைப் பற்றிய சொற்களில் அதனை நம்பிவிடலாகாது. மலையாளத்தில் 'ஆதாரம்' என்றால் கிரயப் பத்திரம். நாமோ ஏதேனும் ஒரு சான்று என்று கருதி ரேஷன் அட்டையை இணைத்துவிடுவோம். 'போக்குவரவு' என்றால் பேருந்தும் லாரியும் அன்று. உரிமை ஒருவர் பேரிலிருந்து மற்றொருவர் பேருக்கு மாறுவது, நாம் பட்டா மாற்றம் என்பது. 'கரம்' என்பது வரி. 'ஒப்பு' என்பது கையொப்பம். இவற்றுட் பல திருவிதாங்கூர்க் காலத்தில் இருபுறத்தாருக்கும் பொதுவாக வழங்கியவை. விளவங்கோட்டுப் பாட்டிமார்களைக் கேட்டால் லென்ஸைவிட நன்றாகச் சொல்லுவர். படித்துச் சொல்ல வீட்டில் எவருமில்லாதவர் அக்ஷயா நிலையத்துக்குச் செல்லலாம். 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அந்நிலையங்களில் விண்ணப்பம் நிரப்பித் தருவர். நிரப்பி முடித்ததும், விண்ணப்ப எண் தோன்றும் கடைசித் திரையை உங்கள் முன்னிலையிலேயே பிடித்து, அதன் படியை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பின்னர் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க அந்த எண் வேண்டும்.

விளவங்கோட்டு நிலத்தின் வில்லங்கச் சான்றைப் பற்றியும் அம்மையார் கேட்டிருக்கிறார். அதற்குத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் தளம் வேறு. அங்கே செய்ய வேண்டிய முறையும் வேறு. அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.